பங்குனி உத்திரத்தன்று ஒன்றாம் வகுப்பில்

ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்தால் ஒரு பச்சை வாசனை வரும். அப்போதெல்லாம் கரும்பலகைக்கு அதைத்தான் பூசுவோம்...

தாம்பரம் பக்கத்தில் இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் இடம், அறுபதுகளில் சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. நான் அங்கே தோட்டக்காரன்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பக்கத்து மாதிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். அதில் தேறினால்தான் டீச்சர் வேலை.

ஒரு வருஷம் அந்தத் தேர்வைப் பங்குனி உத்திரத்தன்று வைத்துவிட்டார்கள். தேதி குறித்தவர்களுக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளைகள் எல்லாம் வீட்டாரோடு குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஸ்டெல்லா டீச்சரின் ஒன்றாம் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. தேர்வாளரோ ரயில் இறங்கி வந்துவிட்டார். டீச்சர் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

ஹாஸ்டல் சமையல்காரர் கன்னியப்பன் அண்ணன் கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? நாங்க கீறோம்ல. டேய் தோட்டம், வந்து குந்துடா!"

பெருக்கிக்கொண்டிருந்த ராணியக்காவையும் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்?"

"தெரியாதவங்கதான் வோணும். வா."

குட்டி பெஞ்சில் முழங்கால் மடங்கவில்லை. தேர்வாளர் அண்ணனைப் பார்த்தார்.

"நீங்க எந்த வகுப்பு?"

"ஒண்ணாங்கிளாசு சார். ரொம்ப வருசமா ஃபெயிலு."

அவர் சிரிக்கவில்லை. "ஆரம்பிங்கம்மா" என்றார்.

அன்றைய பாடம் 'ப'. சொல் கேட்டபோது அண்ணன் "பருப்பு" என்றார், அக்கா "பல்லாவரம்" என்றார். என்னைப் பலகைக்கு அழைத்தார் டீச்சர். மண்வெட்டி பிடித்த கையில் சாக்பீஸ் உடைந்தது. இரண்டு முறை 'ப' கோணியது... அப்புறம் நேராக நின்றது. அக்கா கைதட்டினார்.

தேர்வாளர் எழுந்து வந்தார். "இவருக்கு நிஜமாவே தெரியாதா?"

"இப்பத்தான் சார் தெரியும்" என்றார் அண்ணன்.

டீச்சர் பாஸ்! சாயங்காலம் அண்ணன் கேசரி கிண்டினார். மறுநாள் அவர் அடுப்புக்கு, நான் செடிகளுக்கு. அடுத்த எழுத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

இப்போது அங்கே உயர உயரமாகக் கட்டடங்கள். போன வருஷம் அங்கிருந்து மாணவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து முதியோர் கல்வி வகுப்பு தொடங்கினார்கள்.

"தாத்தா, ப்ளீஸ்... நீங்க வந்தாதான் எங்களுக்கு மார்க்" என்றான் ஒரு பையன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இதை நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். ஒரு பத்தி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது.

அவர்களுக்கு மார்க் எல்லாம் போட்டாகிவிட்டது. வகுப்பு மட்டும் நடக்கிறது... இந்தத் தடவை நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.