கழலைக்கு ஒரு சிபாரிசு

என் கழுத்தில் இருந்த கழலையைத் தென்காசி ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கத்தி பிடித்த டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றுதான். புற்றா, இல்லையா?

"அத நான் சொல்ல முடியாது ஆச்சி. லேப்ல இருக்கிற பெத்தாலஜி டாக்டரம்மா பாத்துச் சொல்லணும். அதுக்கப்புறந்தான் மேக்கொண்டு வைத்தியம்."

அறுத்தவருக்கே தெரியாதாம். என் முகத்தையே பார்க்காத ஒருத்தி, சதையைப் பார்த்து என் ஆயுசைச் சொல்லுவாளாம். எங்கள் குடும்பத்தில் எந்த ஆபீசுக்கு மனுப் போனாலும் பின்னாலேயே ஆள் போய் ஒரு வார்த்தை சொல்லி வைக்கும். இதற்கு மட்டும் சும்மா இருப்பதா? போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற தம்பியை வாசுதேவநல்லூரிலிருந்து வரவழைத்தேன். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். அவன் குற்றாலத்தில் ஒரு கூடை மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தான்.

லேபில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயசுதான். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். தம்பி மீசையைத் தடவிக்கொண்டு கூடையை நீட்டினான்.

"எங்க அக்கா யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்காதவ. பாத்து நல்லபடியா எழுதிருங்கம்மா."

"பழத்த நீங்களே சாப்பிடுங்க அண்ணாச்சி. உள்ள இருக்கிறதத்தான் நான் எழுதுதேன். புற்று இருந்து, இல்லன்னு எழுதுனா ஆச்சிக்கு வைத்தியம் நடக்காது. இல்லாம, இருக்குன்னு எழுதுனா சும்மா இருக்க கழுத்த இன்னொரு தடவ அறுப்பாவ. எது வேணும்?"

தம்பி மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"பொய்யெல்லாம் வேண்டாம்மா. என் கழலையக் காட்டு" என்றேன்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். ஊதாவும் ரோஸுமாக, சுங்குடிச் சேலை போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. என்னிடம் இப்படி ஒரு நிறத்தில் சேலை கிடையாது.

"இதுல கெட்டது எங்கம்மா இருக்கு?"

"இதுல இல்ல ஆச்சி. ஒரு ஓரம் மட்டும் எனக்குச் சரியாப் படல. எடுத்து வச்ச கழலையிலயே அந்த எடத்துல இன்னும் ரெண்டு மெல்லிசு சீவல் எடுத்துப் பாக்கணும். வெள்ளிக்கெழம வாங்க."

வெளியே வந்ததும் தம்பி புலம்பினான். "நாம வந்த கோவத்துலதான் ஓரத்தப் பிடிச்சிட்டா."

"வாய மூடுலே. ஒரு ஓரத்துக்காக இவ்வளவு மெனக்கெடுதா. ஸ்டேஷன்ல நீ ஒரு கேஸயாவது இப்படிப் பாத்திருக்கியா?"

அவனிடம் அப்படிச் சொன்னேனே தவிர, வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஓரமும் சுத்தம் ஆச்சி. புற்று இல்ல" என்றாள் டாக்டரம்மா அன்றைக்கு.

தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேவினான். "போலீஸ்காரன் அழுதா பாக்கதுக்கு நல்லாவா இருக்கு?" என்று அதட்டினேன். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்ச நேரம் லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.