மூன்றாவது கம்பி

வட்ட முகமும் நீளக் கழுத்துமாக இருந்த அந்தப் பேஞ்சோ எங்கள் கம்பெனிக்கு வாசிக்க வந்ததல்ல. குழந்தைகள் டி-ஷர்ட்டில் பேஞ்சோ படம் பிரிண்ட் போட வெளிநாட்டு பையர் ஒருவர் ஆர்டர் கொடுத்தார். மரத்தின் நிறம் பிரிண்டில் அப்படியே வர வேண்டும் என்று நிஜ வாத்தியத்தையே பார்சலில் அனுப்பிவிட்டார். சீசன் முடிந்தது, திரும்பக் கேட்க ஆளில்லை. சாம்பிள் ரூம் ஆணியில் பஞ்சுத் தூசி படிந்து தொங்கியது. பெருமாநல்லூரில் புது யூனிட்டுக்கு மாறும்போது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். நான் முந்திக்கொண்டேன். கம்பெனி வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, "என்னக்கா, வடச்சட்டிக்குக் கைப்பிடி போட்டிருக்கீங்களா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் மாண்டலின் வாசிப்பவர். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் வாசிப்பதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். வீட்டில் சொன்ன காரணம் வேறு. பிழைக்கத் திருப்பூர் வந்தோம். இங்கிருந்து அவர் ஜோர்டானில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போனார். அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வந்து தங்கும் நாட்களோ கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. போன தடவை வந்தவர் மாண்டலின் பெட்டியைத் திறந்தார். மழை ஒழுகிய ஈரத்தில் கழுத்து பெயர்ந்து கிடந்தது. மூடி வைத்துவிட்டு, மீதி நாள் முழுக்க விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு ஒரு வேலை இருந்தால் மனுஷன் வீட்டில் தங்குவார் என்று எனக்குப் பட்டது.

பேஞ்சோவில் ஐந்து கம்பி. அதில் ஒன்று பாதிக் கழுத்தில் தொடங்குகிற குட்டைக் கம்பி. அதைக் கழற்றிவிட்டு மற்ற நாலையும், நாலே கம்பி உள்ள டெனார் பேஞ்சோ போலச் சுருதி சேர்க்கலாம் என்றார் யூடியூபில் ஒருவர். அதிலும் ஒரு வகையில் நாலு கம்பியும் மாண்டலின் வரிசையிலேயே நிற்குமாம், ஒரு ஸ்தாயி கீழே. அவர் விரல்கள் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். எனக்கு அது போதும். சுருதியை இறக்கியதும் தடித்த கம்பி இரண்டும் தொளதொளவென்று ஆடின. கடையில் கிட்டார் கம்பி வாங்கி மாட்டி, போனில் ஒரு ஆப்பைப் பார்த்துத் திருகித் திருகி நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது பனியன் கம்பெனிக்காரி மட்டுமே செய்யக்கூடிய வேலை. எங்கள் கட்டிங் செக்ஷனில் ரோலைப் பிரித்த உடனே வெட்ட மாட்டோம். துணியை மேசையில் ஒரு நாள் தளர்த்திப் போடுவோம். "இழுபட்ட துணிக்கு ஓய்வு வேணுமுங்க அம்மிணி, இல்லாட்டித் தச்சப்பறம் சுருங்கிப் போயிருமுங்க" என்பார் கட்டிங் மாஸ்டர். புதுக் கம்பியும் அப்படித்தானே என்று தினமும் சாயங்காலம் நாலையும் தளர்த்தி ஓய்வு கொடுத்தேன். காலையில் ஏற்றினால் டீ ஆறுவதற்குள் இறங்கிவிடும். வாத்தியமே ஓட்டை என்று முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து வீடியோ காலில் அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

"ஏ பிள்ள, கம்பி என்ன பனியன் துணியா? தளத்திப் போட்டா எப்படி நிக்கும்? இழுத்துக் கட்டி அப்படியே விடு. எறங்க எறங்க ஏத்து. பெறகு தன்னால நிக்கும்."

அப்படியே செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனுக்குப் பக்கத்தில் வைத்து நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினேன். அவருடைய இடது கை விரல்கள் சட்டைப் பொத்தான்மேல் அசைந்தன.

"இன்னொரு தடவை தட்டு" என்றார். தட்டினேன்.

"கிறிஸ்துமஸுக்கு வந்து நீங்க வாசிங்க" என்றேன்.

பொத்தானைத் திருகிக்கொண்டே, "நீயே பழகிக்கோயேன். நான் போன்ல சொல்லித் தாரேன்" என்றார்.

அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கேட்டேன். காண்ட்ராக்டை நீட்டிக் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். நான் சண்டை போடவில்லை. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

நான் பழகவில்லை. எனக்கு வாசிக்க ஆசையில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கேட்கத்தான் ஆசை. இப்போது கம்பிகள் நன்றாக நிற்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் தட்டிக் காட்டுகிறேன். "மூணாவது கொஞ்சம் எறங்கியிருக்கு பிள்ள" என்பார். திருகுவேன். "இன்னும் கொஞ்சம்" என்பார். அது சேரும்வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருப்போம்.

போன் போடுவதற்கு முன்னால் மூன்றாவது கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பது நான்தான்.