அந்தக் கால்கள் சேவியர் வரைந்தவை அல்ல

சேவியர் இறந்த செய்தி வந்தபோது கிண்ணியாவில் ஒரு கடைப் பலகைக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் தொலைபேசியில் அழுதாள். அடுத்த அழைப்பு முன்பள்ளி நிர்வாக சபைத் தலைவருடையது. "அண்ணை, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். எங்கட சுவரில அவர் கீறின ஓநாயைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும்" என்றார். எழுதுகிறேன். அவர் எதிர்பார்ப்பதை அல்ல.

திருகோணமலையில் சேவியரை அறிந்தவர்களுக்கு எங்கள் தொழில் தெரியும். படம் அவர், எழுத்து நான். இருவரும் யாரிடமும் படித்ததில்லை. இந்த நாட்டில் ஓநாயே இல்லை. முன்பள்ளிச் சுவருக்கு ஓநாய் கேட்டபோது அவர் மீன் சந்தைக்குப் போய்ப் படுத்திருந்த நாய்களுக்கு மீன் தலைகளை எறிந்தார். எழும்பும்போது எந்த மூட்டு முதலில் நிமிர்கிறது என்று பார்க்க வேண்டுமாம். "நாயையும் கெடுத்து என்ர வியாபாரத்தையும் கெடுக்கிறீர்" என்று மீன் விற்பவள் ஏசினாள். "அந்தக் கறுப்பன் எழும்பட்டும் அக்கா, போறன்" என்றார்.

சுவரில் வந்தது கார்ட்டூன் ஓநாய்தான். பூசணிக்காய் மூக்கு, மடித்துக் கட்டிய சாரம், இரண்டு காலில் நிற்கிற நிலை. ஆனால் சாரத்துக்குக் கீழே தெரிந்தவை மெய்யான ஓநாய்க் கால்கள்: முன்னே முழங்கால், அதன் கீழே பின்பக்கம் துருத்தும் குதிகால், பிறகு விரல்களில் ஊன்றிய நீண்ட பாதம். "மூக்கை எவ்வளவும் பெருப்பிக்கலாம் ராசன், எலும்பு போற வழியை மாத்தேலாது" என்பார். அது பாயப் போகிறது என்று நம்பியே பிள்ளைகள் ஓடி ஒளித்து விளையாடினார்கள்.

இதே தலைவர்தான் அன்றும். "என்ன, முழங்கால் பின்னுக்கு மடியுது? கால் முறிஞ்ச ஓநாயோ?" என்று பெற்றோர் முன்னிலையில் கேட்டார்.

"அது முழங்கால் இல்லை, குதி. குதி நிலத்தில முட்டாமல் கையிலயும் கால்விரலிலயும் நடந்து பாருங்கோ, விளங்கும்."

தலைவர் நடந்தார். சிறிது தூரத்தில் மூக்குப்பட விழுந்தார். "ஐயோ, ஓநாய் விழுந்திட்டுது!" என்று ஒரு தாய் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். சேவியர் சிரிக்கவில்லை. "இப்ப விளங்கினதோ?" என்று மட்டும் கேட்டார். சிரிப்பை விட அதுதான் தலைவருக்குச் சுட்டது.

அடுத்த கிழமை வேறொருவரைக் கொண்டு கால்களை மாற்றிவிட்டார்கள். இரண்டு குழாய்கள், அவற்றின் நுனியில் தட்டையான பாதங்கள். அதற்குக் கீழே நான் எழுதிய சேவியரின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அதை அழியுங்கள் என்று போய்ச் சண்டை பிடித்தேன். "பேர் இருந்தால் அவருக்குத்தானே பெருமை" என்றார் தலைவர். சேவியர் என் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "விடும் ராசன். பிள்ளையள் சிரிக்குதுகள்தானே."

அதன் பிறகு அவர் ஓநாய் கீறவில்லை. இறங்குதுறைக்குப் போவதென்றாலும் அந்த வீதியைத் தவிர்த்து, சந்தையைச் சுற்றித்தான் போவார். மறந்துவிட்டவர் செய்கிற வேலையா அது?

இப்போது அந்தச் சுவரடியில் அவர் பெயர் பொறித்த கல் வைக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்று தலைவரிடம் சொன்னேன்.

"செத்த மனுசன்ர பேரில சண்டை என்னத்துக்கு அண்ணை? அவரே என்னை மன்னிச்சிட்டார்."

"அவர் மன்னிச்சது உம்மை. கால் இன்னும் பிழையாத்தான் நிக்குது."

ஒன்றில் கால்களைத் திருத்துங்கள், இல்லையென்றால் கல் வைப்பதைக் கைவிட்டுப் பெயரையும் எடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் அந்தப் பெயரை எழுதிய நானே வந்து அழிப்பேன். தடுக்க விரும்புகிறவர்கள் பிள்ளைகளின் முன்னால் தடுக்கட்டும். மலர் அச்சிடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: இதில் ஒரு வரியை வெட்டுவதென்றாலும் முழுவதையும் திருப்பித் தாருங்கள்.

அவருடைய தூரிகைகளை மகள் தரப் பார்த்தாள். நான் எழுத்துக்காரன், அவை எனக்கு உதவாது என்று வாங்கவில்லை. சேவியர் இறக்கி வைத்துவிட்டுப் போன கோபத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் அதைப் பாதியில் விட்டார். நான் விடமாட்டேன்.