துளை போட்ட இரண்டு டிஸ்க்குகள்

பிரேக் டிஸ்க் என்றால் என்ன என்று முப்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் சில நாள் தோன்றும்.

2008 வாக்கில் நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான்கு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த பிறகு, சீட்டு எடுத்த பணத்தில் ஒரு சின்ன கார் வாங்கினேன். பதினோரு வயதான வண்டி, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. பணம் என்னுடையது, ஆர்.சி. புத்தகம் மட்டும் வீட்டுக்காரர் பேரில். “பொம்பள பேர்ல எதுக்கு? அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீ அலைவியா?” என்றார். நானும் தலையை ஆட்டினேன். படித்த முட்டாள் என்றால் அது நான்தான்.

ஆனால் அந்த வண்டி எனக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். குடிகாடு வந்தால் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்குக் கண்ணாடியை ஏற்றுவேன், புதுச்சத்திரம் தாண்டினால் இறக்குவேன். வீட்டில் எனக்கென்று ஓர் அறைகூட இல்லை. அந்த டிரைவர் சீட்டுதான் என் அறை.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. வெள்ளாற்றுப் பாலத்து இறக்கத்தில் மிதித்தால் பெடல் காலுக்கு அடியில் துடிக்கும். டிஸ்க் வளைந்திருக்கிறது என்றார் மெக்கானிக். அதாவது முன் சக்கரத்துக்குள் தட்டு மாதிரி சுற்றுகிற இரும்பு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துத்தான் வண்டி நிற்கிறது. சிதம்பரத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினேன். நாலு மாதத்தில் மறுபடி ஆடியது. மறுபடி சீவினேன். மூன்றாவது தடவை லேத்காரர் டிஸ்க்கைக் கையில் வாங்கி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னொரு வாட்டி சீவினா அப்பளம்தான் டீச்சர். உங்க உயிரு எனக்கு வேணாம். புதுசு போடுங்க.”

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “ஆயுத பூஜை வரைக்கும் பாரு. சரியாவலன்னா வித்துடலாம். செலவு ஜாஸ்தியாவுது. பஸ்ஸுல போனா என்ன, கொறஞ்சா போயிடுவ?”

ஆயுத பூஜைக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரம் நான் பட்ட பாடு நாய் படாது.

கம்பெனி ஷோரூமில் அந்த மாடலை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஆர்டர் போட்டால் வரலாமாம், எப்போது என்று தெரியாதாம். விலை என் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றேதான்: “சார் வரலியா மேடம்?” சார் எதற்கு? டிஸ்க்கைக் கழுத்தில் மாட்டவா? ஒருவர் வேறொரு வண்டியின் டிஸ்க்கை எடுத்துவைத்து, “ஓட்டைதான் கொஞ்சம் தள்ளி இருக்கு, ராவிப் போட்டுக்கலாம்” என்றார். நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். தள்ளி இருந்தது கொஞ்சம் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, “டீச்சருங்களா?” என்றார்.

கடைசியில் வழி சொன்னவரும் அந்த லேத்காரர்தான். புதுச்சேரியில் ஒருவர் ரேஸ் ஓட்டுவதற்காக இதே மாடல் வண்டியை வைத்திருந்தாராம். வண்டியை விற்றுவிட்டார், அதற்காக வாங்கிய டிஸ்க் ஜோடி மட்டும் பிரிக்காமல் கிடக்கிறதாம். சாதாரண டிஸ்க் இல்லை; சூடு தங்காமல் இருக்க முகமெல்லாம் துளை போட்டது, கோடு இழுத்தது. ஷோரூம் சொன்னதில் பாதி விலைக்குக் கொடுத்தார். என்னுடைய பழைய டிஸ்க்கை எடுத்துப் போய், ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்த்து வாங்கினேன்.

அரிசிப் பையில் போட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் காலால் பையை நகர்த்தப் பார்த்தார், நகரவில்லை.

“என்னாம்மா இது, கல்லா?”

“கார் பிரேக்கு.”

“காரு வச்சிக்கினு பஸ்ஸுல வர்றியா? லக்கேஜ் போடு.”

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பக்கத்து சீட்டு அம்மாள் சொன்னபோது பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஏழு வாரத்தில் நான் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடையும் புதுசாகச் சேர்த்து மாட்டினார் மெக்கானிக். வெள்ளாற்றுப் பாலத்தில் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரிடமும் விளக்கினேன், கணக்கு டீச்சர் இல்லையா. புது டிஸ்க் தேய்ந்து படிய வேண்டும், முதலில் கொஞ்ச தூரம் லேசாக வழுக்குகிற மாதிரி இருக்கும், பயப்படக் கூடாது என்றேன். என் கொழுந்தன் மட்டும் கவனமாகக் கேட்டார். அந்தப் பேச்சை நான் பேசியிருக்கவே கூடாது.

ஆயுத பூஜை அன்று காலையில் வண்டியைக் கொழுந்தன்தான் வாட்டர் சர்வீசுக்கு எடுத்துப் போனார். எங்கள் ஊரில் உப்புக் காற்று. கழுவி முடித்ததும் வண்டிக்கு அடியில் துருப்பிடிக்காமல் இருக்க டீசலும் பழைய ஆயிலும் கலந்து பீய்ச்சி அடிப்பார்கள். அடிக்காமல் விட்டால் காசுக்கு வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போவோம். டிஸ்க் பிரேக் நனைந்தால், கொஞ்ச நேரத்திலேயே அதன்மேல் செம்மண் நிறத்தில் துரு பூக்கும். ஒரு மிதி மிதித்தால் போய்விடும். கொழுந்தனுக்கு அது தெரியாது. “அண்ணி புதுசா போட்டதுலயே துரு ஏறிடுச்சி, வீல் உள்ளயும் நல்லா அடி” என்று கழுவுகிற பையனிடம் சொல்லியிருக்கிறார். இது அவரே பெருமையாக வந்து சொன்னதுதான். நான் அப்போது சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திருவதிகை கோயிலுக்குக் கிளம்பினார்கள். ஓட்டுவதற்குக் கொழுந்தன், பின்னால் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர், முன்சீட்டில் மாமியார். என் வண்டியில் எனக்கு இடம் இல்லை.

நெல்லிக்குப்பம் தாண்டவில்லை. முன்னால் போன கரும்பு டிராக்டரின் காலி டிரெய்லர் நின்றது, எங்கள் வண்டி நிற்கவில்லை. மாமியாருக்கு மணிக்கட்டு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும் கொழுந்தன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “காலைலேந்தே வழுக்குச்சி அண்ணி. நீங்கதான சொன்னீங்க, புது டிஸ்க்கு வழுக்கும்னு?”

மாமியார் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “ஓட்ட போட்ட சாமான வாங்கியாந்து மாட்டினா வேற என்னா ஆவும்? ஆம்பள பாத்து வாங்கியிருந்தா இப்படி ஆவுமா?”

மறுநாள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பேடை என் கையில் வைத்தார். ஆயிலில் ஊறிக் கறுத்திருந்தது, டீசல் வாடை அடித்தது. டிஸ்க்கின் துளைகளிலும் ஆயில். “டிஸ்க் மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். எண்ண தடவிட்டு நில்லுன்னா எப்படி நிக்கும்?” என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தவள் நான்.

பேடைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லோரும் இருக்கும்போது வைத்தேன். கொழுந்தன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எடுத்து முகர்ந்தார். புரிந்துவிட்டது, அவர் முகத்தில் தெரிந்தது. பேடை மறுபடி பேப்பரில் சுற்றினார்.

“இத இப்ப எதுக்கு எடுத்தாற? அவனே மனசு ஒடஞ்சி கெடக்கான். வுடு.”

வீட்டுக்காரர் வண்டியின் நசுங்கின முகப்பை நிமிர்த்தி, டிஸ்க்கைப் பெட்ரோலில் கழுவி, வேறு பேடு போட்டு, தீபாவளிக்குள் வண்டியை விற்க ஏற்பாடு செய்தார். கையெழுத்துக்கு என்னைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. “உன் நல்லதுக்குத்தான்” என்றார்.

வாங்க வந்தவர் விவரமான ஆள். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார், சக்கரத்துக்கு முன்னால் குந்தி உள்ளே எட்டிப் பார்த்தார். நான் டீ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“பிரேக்கு பட்டு மாதிரி இருக்கு சார். இந்த டிஸ்க்குக்காகவே வண்டிய எடுத்துக்கலாம். யாரு தேடிப் புடிச்சது?”

வீட்டுக்காரர் டீயை என் கையிலிருந்து வாங்கி அவருக்குக் கொடுத்தார்.

“எல்லாம் நான் பாத்துப் போட்டதுதான்.”