இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு

தொழிற்சாலைக் கேண்டீனில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவக்கா, அவ்வளவுதான். இருநூறு பேருக்குக் குழம்பு வைத்தாலும் உப்பு ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. ரகசியம் ஒன்றுமில்லை. கரண்டி நுனியில் எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்ப்பாள். இருபத்தாறு வருடமாக அதே கை, அதே நாக்கு.

அந்தக் கையைத்தான், ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் துணியால் கட்டிவைத்தாள்.

கணவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்ன வாரத்தில் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு மண்டியிட்டவள், ஈஸ்டர் வரைக்கும் இறைச்சிச் சாறுகூட என் நாக்கில் படாது, நீ அவரைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று கடவுளிடம் கறாராகப் பேசி முடித்தாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை. பங்குச்சாமியார் மட்டும் கேள்விப்பட்டு, "ஞாயித்துக்கிழமை நோன்பு கிடையாதும்மா, அன்னைக்குச் சாப்பிடலாம்" என்றார்.

"அவரு நெஞ்சுவலிக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா சாமி?" என்று கேட்டாள்.

சாப்பிடாமல் இருந்துவிடலாம். தினமும் இறைச்சி வேகும் அண்டாவுக்கு முன்னால் நிற்கிறவளுக்கு, ருசி பார்க்காமல் இருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? கை பழக்கத்தில் எழும்பும், துணிக்கட்டு கண்ணில் படும், இறங்கிவிடும். கேட்டவர்களிடம் சூடுபட்டுவிட்டது என்றாள். உப்புப் பார்க்கும் வேலையை, காய் நறுக்குகிற கண்ணாடிக்காரியிடம் விட்டாள். அவள் நாக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் கடல் தண்ணீர், மறுநாள் வெறும் வெந்நீர். "அளவக்காவுக்கு என்னதான் ஆச்சு?" என்று சாப்பிட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புனித வாரத்துப் புதன் வந்தது. ஈஸ்டருக்கு இன்னும் நாலே நாள். அன்றைக்குப் பதினோரு மணிக்கு அறுவை சிகிச்சை. நாத்தனார் மருத்துவமனையில் துணைக்கு இருந்தாள். இவளுக்கு லீவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. குழம்பை இறக்கிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் துணிக்கட்டைத் துவைத்துக் கொடியில் போட்டவள், மறுபடி கட்டிக்கொள்ள மறந்தே போனாள். மனசு அவளிடத்திலா இருந்தது?

ஒன்பதரைக்குக் கறிக்குழம்பு கொதித்தது. கரண்டியை எடுத்தாள். உள்ளங்கையில் சொட்டு விழுந்தது. நக்கினாள். உப்பு குறைவு என்று நாக்கு சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ!"

கரண்டி தரையில் விழுந்தது. காறித் துப்பினாள், கொப்பளித்தாள், பாத்திரம் கழுவுகிற சோப்பை எடுத்து நாக்கில் தேய்த்தாள்.

"என்னக்கா, பல்லி கில்லி விழுந்துடுச்சா?" என்று கண்ணாடிக்காரி பதறினாள்.

"நானே அவரைக் கொன்னுட்டேன்டி" என்றவள், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தெருவில் இறங்கி ஓடினாள். பாவி, போயும் போயும் இன்றைக்கா என்று தலையில் அடித்துக்கொண்டே ஓடினாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் கிளம்பிவிட்டிருந்தது. அதன் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம் சிஸ்டர்! வேற நாள் வைங்க. உங்க கால்ல விழறேன்."

"என்னம்மா விளையாடறீங்களா? டாக்டர் உள்ள ரெடியா நிக்கிறாரு" என்றாள் நர்ஸ். "அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க" என்று நாத்தனார் தோளைப் பிடித்து இழுத்தாள். கம்பியை அவள் விடவில்லை.

கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன ஆச்சு? எதுக்கு இப்படி ஓடி வந்தே?"

"குழம்பை நக்கிட்டேங்க" என்று வெடித்து அழுதாள். "ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்னு உங்களுக்காக நேர்ந்திருந்தேன். பழக்கத்துல கை போயிடுச்சு. எல்லாம் போச்சு."

அவர் அவளுடைய இடது கையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் குழம்புக் கறை காய்ந்திருந்தது.

"உப்பு எப்படி இருந்துச்சு?"

"என்னது?"

"குழம்புல."

"கம்மி."

"போட்டியா?"

"இல்ல. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"நல்லா இருக்குடி! என் ஒருத்தனுக்காக இருநூறு பேரு உப்பில்லாம சாப்பிடணுமா? போன் பண்ணிச் சொல்லு." சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. "திரும்பி வந்தா எனக்குச் சமைக்கிறதுக்கு அந்த நாக்கு வேணும். பத்திரமா வச்சிரு."

அவள் கம்பியை விட்டாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. போனை எடுத்துக் கண்ணாடிக்காரியைக் கூப்பிட்டாள். "குழம்புக்கு உப்பு பத்தாது. இன்னும் ஒரு கை போடு."

"எந்தக் கைக்கா? உங்க கையா, என் கையா?"

"என் கை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தாள். பேரம் பேச இனி அவளிடம் எதுவும் பாக்கி இல்லை. கொடுப்பதாகச் சொன்னதையும் தானே கெடுத்துக்கொண்டாயிற்று. இனி வெறும் பிச்சைதான். கறை படிந்த அந்த இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.