காமாலை என்று எழுதிக் கொடுத்தேன்

என் மகளின் இருமலை முதலில் நான் நம்பவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். செடிக்கு மருந்தடித்த வாரம் வீட்டில் எல்லோருமே இருமுவோம்.

ஆனால் நித்யாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. சுடிதார் தொளதொளத்தது. கல்லூரியில் இரண்டாம் வருடம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அவள் போன்தான் பேய். யாரையோ நினைத்து இளைக்கிறாள் என்று, அவள் குளிக்கப் போன நேரம் அதைத் துழாவினேன். தோழிக்கு அனுப்பிய ஒரு வரி கண்ணில் பட்டது: ‘இருமினா ரத்தம் வருமாடி?’

மறுநாளே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். சளிப் பரிசோதனையில் காசநோய் (பெரும்பாலும் நுரையீரலைப் பிடிக்கும் கிருமி நோய்) என்று வந்தது.

“ஆறு மாசம், ஒரு நாள் விடாம மாத்திரை. குணமாயிரும்மா” என்றார் டாக்டரம்மா.

“எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்களே.”

“இது வம்சத்துல வாரதில்ல, காத்துல வாரது. நீங்களும் டெஸ்ட் எடுத்துக்கங்க.”

எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது ‘மஞ்சள் காமாலை’ என்று எழுதிவிட்டேன். உண்மைப் பெயர் ஊருக்குள் போனால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான்?

என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். காமாலைக்கு எவடி ஆறு மாசம் படுப்பா?”

மாத்திரை தொடங்கியதும் அவளுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. மாத்திரையின் நிறம்தான் அது. எனக்கு அப்போது தெரியாததால் பதறினேன். சிலருக்கு இந்த மாத்திரையால் ஈரல் பாதிக்கும், கண் மஞ்சளானால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுத்த பொய் பலித்துவிடுமோ என்று தினமும் அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். மாத்திரையை விழுங்கினாளா என்று நாக்கைத் தூக்கச் சொன்னேன்.

“போலீசு கூட இம்புட்டுச் சோதிக்காதும்மா” என்பாள்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருநாள் கேட்டார்: “நித்யாவ எங்கயும் கட்டிக் குடுத்துட்டீகளா? ஒரு வார்த்தை சொல்லல?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் வேவு பார்க்கிறார் என்றே அன்றைக்கு நினைத்தேன்.

வருகைப் பதிவு குறைந்து, தேர்வும் போனது. ஆறு மாதம் முடிந்து குணமானதும், அடுத்த செட்டோடு சேரக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் கடிதத்தையும் ஆஸ்பத்திரிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுல காமாலை, அதுல டி.பி. எதும்மா பொய்யி? இப்புடி இருந்தா நான் எப்படிச் சேர்க்குறது?”

எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நித்யா தரையைப் பார்த்தாள். சான்றிதழைத்தான் அவர் பொய் என்று எடுத்துக்கொள்வார், இவள் படிப்பு இதோடு போச்சு என்று பயந்தேன்.

“காமாலைதான் பொய்யிங்க. எழுதுனது நாந்தேன். பிள்ளைக்குக் காசநோயி. மாப்பிள்ளை கிடைக்காதுன்னு மறைச்சேன்” என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவர் வெள்ளைத் தாளை நீட்டினார். “இப்பச் சொன்னதை அப்புடியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பத்தாவதோடு நின்ற கை. எழுத்து கோணலாக வந்தது. வாங்கிப் படித்தவர் நித்யாவிடம், “திங்கக்கிழமை வகுப்புக்கு வந்துரும்மா” என்றார்.

தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்து, ஒரு வருடம் தள்ளிப் பட்டம் வாங்கினாள். ஒரு வருசம் வீணாப்போச்சே என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினால், “வீணாப் போகல அத்தை, அந்த வருசந்தான் பொழச்சேன்” என்கிறாள்.

எனக்குச் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. அவள் தும்மினால்கூடக் காது அந்தப் பக்கம் போகிறது. இருமல் ரெண்டு வாரம் தாண்டினால் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை வைத்து நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். போன வாரம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் முந்தானையால் வாயை மூடி மூடி இருமினாள். தோளைத் தொட்டேன்.

“எத்தனை நாளா தாயி?”

“அக்கா, செடிக்கு மருந்தடிச்சதுல வந்தது.”

“ரெண்டு வாரம் தாண்டிருச்சா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.