மரண அறிவித்தலில் என் முகம்

புளியங்கூடலில் என் பெயரைச் சொன்னால், "எந்த ஜெயரூபன்? செத்தவீட்டுப் படம் போடுற ஜெயரூபனோ?" என்றுதான் கேட்பார்கள். மரண அறிவித்தல்களுக்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறேன். தீவுப் பக்கத்து ஆட்கள் கனடாவில் கண்ணை மூடினாலும் செய்தி என் தளத்தில் வரும்.

உச்சியில் 'மரண அறிவித்தல்' என்ற தலைப்பு. அதன் கீழே கோட்டும் கழுத்தில் ரையும் அணிந்த என் படம். ஸ்ரூடியோவில் எடுத்தது; கோட்டு அவர்களுடையது. அதற்கும் கீழேதான் இறந்தவரின் படம். பெயர், பிறந்த ஊர், கிரியை விபரம் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். படம் வந்தால்தான் செத்தது யாரென்று தெரியும்.

பக்கம் திறக்க யுகமாகிறது என்று ஆட்கள் முறைப்பட்டார்கள். யூரியூப்பில் ஒரு வழி பார்த்தேன். பக்கத்திலுள்ள படங்களில் எது மிக முக்கியமோ அதற்கு மட்டும் முன்னுரிமை என்று ஒரு சொல் எழுதிவிட்டால், போன் அதைத்தான் முதலில் இறக்கும். மற்றவை பொறுத்திருந்து வரும். முக்கியமான படம் எது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. என்னுடையதற்கு எழுதினேன். வீட்டு வைஃபையில் பக்கம் சட்டென்று திறந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கிழமை பாரிசில் தம்பிஐயா காலமானார். நெடுந்தீவு ஆள். அவருடைய அக்கா சிவக்கொழுந்து இன்னும் நெடுந்தீவில்தான் இருக்கிறார், அங்கே கலியாணம் செய்துபோன என் அக்கா சுலோஜனாவுக்குப் பக்கத்து வீட்டில். இளந்தாரியாகப் போன தம்பியை அவர் பிறகு காணவேயில்லை. போனில் குரல் மட்டும்தான். "கடைசியா அவன்ர முகத்தையாவது பாக்கவேணும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். "போட்டாச்சு, சிவக்கொழுந்தக்காவுக்குத் திறந்து காட்டுங்கோ" என்று, அதுவரை என் தளத்தைத் திறந்தே பார்த்திராத அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பெரிய வேலை முடித்த களைப்பு. போனின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

பின்னேரம் வாசல் படலையடியில் யாரோ குழறி அழுவது கேட்டது. அயலில் ஒரு சாவு, நமக்கு ஓர் அறிவித்தல் கிடைக்கும் என்று எழும்பிப் போனேன். சுலோஜனா அக்கா தலைவிரிகோலமாக நின்றார். சிவக்கொழுந்தக்கா அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் அக்காவின் அழுகை நின்றது. குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"விசரா! மரண அறிவித்தல் எண்டு கிடக்கு, கீழ உன்ர படம் கிடக்கு, வேறொண்டும் வரேல்ல. உன்ர போனில வேற ஆரோ செய்தி அனுப்பினதெண்டு நினைச்சிட்டன். எத்தினை தரம் கோல் எடுத்தனான்! பிறகு அந்தப் போனைப் பாக்கவே எனக்கு மனம் வரேல்லயடா."

நெடுந்தீவின் மெலிந்த சிக்னலில் என் முகம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. தம்பிஐயா கீழே பொறுத்திருந்திருக்கிறார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்த வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவன் என்று சிலரைச் சொல்வார்கள். எனக்குக் கலியாணம் இன்னும் சரிவரவில்லை. மற்றது நிறைவேறிவிட்டது.

ஒரு செருப்படி வாங்கிய பிறகுதான் கேட்க வாய் வந்தது. "சிவக்கொழுந்தக்கா, நீங்கள் தம்பியைப் பாத்திட்டியளோ?"

"எங்க பாக்கிறது? இவள் குழறத் தொடங்கீட்டாள். தனிய விட ஏலாதெண்டு அப்பிடியே வள்ளமேறி வந்தனான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணினிக்கு முன்னால் இருந்து, என் படத்திலிருந்த முன்னுரிமையை எடுத்துத் தம்பிஐயாவின் படத்துக்குப் போட்டேன். கோட்டுக்காரனைப் பக்கத்தின் அடியில் தள்ளினேன். பிறகு அக்காவின் போனை வாங்கித் திறந்தேன். தலைப்பு வந்தது. உடனேயே கண்ணாடி போட்ட, தலை நரைத்த தம்பிஐயா வந்தார்.

சிவக்கொழுந்தக்கா கதிரையில் இருந்து, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"எங்களைப் பெத்த ஐயாவை உரிச்சு வைச்ச மாதிரி வந்திட்டான்" என்றார். சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அது முன்னமே நனைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவனுக்கெண்டு வைச்சிருந்த கண்ணீரில அரைவாசியை வள்ளத்துக்குள்ள உமக்கு அழுதுபோட்டன், தம்பி."